ஒன்றரை சதவீதம்: வரலாற்று ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சக ஆசிரியர்களே,

வணக்கம். ஹிட்லர் பாடம் வந்தால் நாம் பெரும்பாலும் நேரே வதைமுகாம்களுக்குப் போய்விடுகிறோம். ஆஷ்விட்ஸ், அறுபது லட்சம் உயிர்கள் என்று சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது. அதற்கு முன்னால் ஒரு பாடவேளையைப் பள்ளிச் சேர்க்கைக்கு ஒதுக்குங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

1933 ஏப்ரல் 25 அன்று ஜெர்மனியில் ஒரு சட்டம் வந்தது. பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் நெரிசலைத் தடுக்கும் சட்டம் என்று அதற்குப் பெயர். கேட்டால் யாருக்கும் உறுத்தாது. ஆனால் கட்டாயக் கல்விக்கு மேற்பட்ட படிப்பில் புதிதாகச் சேர்வோரில் 'ஆரியர் அல்லாதவர்', அதாவது முக்கியமாக யூதர்கள், 1.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, மொத்த மாணவரில் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று கணக்கு வைத்தார்கள். முதல் உலகப் போரில் போர்முனையில் நின்றவர்களின் பிள்ளைகளுக்கு விலக்கு இருந்தது. பத்து வயதுப் பிள்ளைக்கு இடம் உண்டா இல்லையா என்பது அப்பாவின் ராணுவச் சான்றிதழைப் பொறுத்ததாகிவிட்டது. அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்து, சதவீதம் போட்டு, 'இடமில்லை' என்று சொல்ல எந்தப் போலீஸும் வர வேண்டியிருக்கவில்லை. பள்ளி அலுவலகமே போதுமானதாக இருந்தது.

இடம் கிடைத்த பிள்ளைகளுக்கும் நிம்மதி இல்லை. மனிதர்களை உயர்ந்த இனம், தாழ்ந்த இனம் என்று பிரித்த இனவியல் பாடத்தில் யூதப் பிள்ளையை எழுப்பி முன்னால் நிறுத்தி, தலையையும் மூக்கையும் சுட்டிக்காட்டிப் பாடம் நடத்திய ஆசிரியர்கள் இருந்தார்கள். நம் வேலையைச் செய்தவர்கள்தான் அவர்களும். எனக்கு மனம் ஆறாத இடம் இது.

1938 நவம்பரில் யூதர்களின் ஜெப ஆலயங்களைக் கொளுத்திய சில நாட்களிலேயே, 15ஆம் தேதி, மிஞ்சியிருந்த யூதப் பிள்ளைகளையும் ஜெர்மன் பள்ளிகளிலிருந்து வெளியேற்றினார்கள். 1942 ஜூன் இறுதியோடு யூதர்களின் சொந்தப் பள்ளிகளும் மூடப்பட்டன. சம்பளம் வாங்காமல்கூட அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் பாடம் சொல்லித்தரக் கூடாது என்று உத்தரவு.

ஜெர்மனியின் கொலோன் நகரில் இருந்த யாவ்னே என்ற யூதப் பள்ளியின் தலைமை ஆசிரியர் எரிஷ் கிளிபான்ஸ்கியைப் பற்றியும் சொல்லுங்கள். பள்ளியையே இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்விடத் திட்டமிட்டு, மாணவர்களை ஆங்கிலத்தில் தயார்படுத்தினார். 1939இல் சுமார் 130 பேரை அனுப்பியும் வைத்தார். போர் மூண்டு வழி அடைபட்டது. 1942 ஜூலையில் அவரையும் மனைவியையும் மூன்று மகன்களையும் ரயிலேற்றி, இன்றைய பெலாரஸில் உள்ள மின்ஸ்க் அருகே கொன்றார்கள். அதே ரயிலில் அவருடைய மாணவர்களும் இருந்தார்கள்.

பாடம் வரும் நாளில் கரும்பலகையில் 1.5 என்று எழுதுங்கள். 200 பேர் சேரும் பள்ளியில் எத்தனை யூதப் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கும் என்று மாணவர்களையே கணக்குப் போடச் சொல்லுங்கள். மூன்று என்று வரும். நான்காவது பிள்ளையின் பெற்றோருக்கு யார், என்ன சொல்லியிருப்பார்கள் என்று கேளுங்கள். அவர்கள் பேசி முடிக்கும்வரை அவசரப்படாதீர்கள். முகாம்களை மறுநாள் நடத்தலாம்.

அன்புடன்,
உங்களில் ஒருவர்