பொருள்: ஜனவரி 7 புக்கிட் ஜாலில் ஆட்டப் பயணம், வவுச்சர் வேண்டாம், பணத்தைத் திருப்பித் தாருங்கள்

வணக்கம்.

ஈப்போவிலிருந்து புக்கிட் ஜாலில் தேசிய அரங்கத்துக்குப் போக வர பேருந்து, மலேசியா–தாய்லாந்து கால்பந்து அரையிறுதிக்கு ஒரே வரிசையில் இருக்கை, எல்லாம் சேர்த்து ஆளுக்கு 150 ரிங்கிட் என்ற உங்கள் விளம்பரத்தை நம்பி நான்கு பேருக்கு 600 ரிங்கிட் கட்டியவன் நான். வாட்ஸ்அப்பில் இரண்டு முறை புகார் சொல்லியாகிவிட்டது. நீங்கள் அனுப்பியது அடுத்த பயணத்துக்கு 20 ரிங்கிட் வவுச்சர். சரி, விவரமாகவே எழுதுகிறேன்.

மதியம் 2 மணிக்குக் கிளம்ப வேண்டிய பேருந்து 4.20க்குத்தான் வந்தது. "வர்ற வழியில ஜாம்" என்றார் உங்கள் ஆள். ஓட்டுநரோ, காலையில் வேறு ஒரு கூட்டத்தைக் கேமரன் மலைக்கு ஏற்றிப்போய்விட்டு இப்போதுதான் இறங்கி வருகிறேன் என்று உண்மையைச் சொல்லிவிட்டார் (பாவம், அவர் கண்ணிலேயே தூக்கம் தெரிந்தது). ஒரே வண்டியை ஒரே நாளில் இரண்டு இடத்தில் விற்றுவிட்டுப் பழியை ஜாம் மேல் போடுகிறீர்கள்.

அதோடு முடியவில்லை. 7.40க்கு பண்டார் தாசிக் செலாத்தானில் எங்களை இறக்கிவிட்டார்கள். அரங்கத்துப் பக்கம் போனால் வண்டி மாட்டிக்கொள்ளுமாம், அங்கிருந்து எல்ஆர்டி ரயிலில் இரண்டாவது நிலையம்தானாம். இரண்டாவது நிலையம்தான், இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் நம் தேசிய அணி ஹரிமாவ் மலாயா ஆடுகிற இரவில் ஸ்ரீ பெட்டாலிங் தடத்து ரயில் எப்படி இருக்கும் என்று பயணம் நடத்துகிற உங்களுக்கா தெரியாது? கதவு வரைக்கும் மஞ்சள் சட்டை. 70 வயது அப்பாவைக் கூட வைத்துக்கொண்டு மூன்று ரயிலை விட்டு நான்காவதில் ஏறி, டிக்கெட் வைத்திருந்த உங்கள் ஆளை வாசல் வாசலாகத் தேடிப் பிடிப்பதற்குள் எட்டரை தாண்டி ஆட்டம் தொடங்கிவிட்டது.

சோதனை வரிசையில் நிற்கும்போதுதான் உள்ளேயிருந்து அந்த இரைச்சல், கால் தரையில் நிற்கவில்லை என்பது போல. முன்னால் நின்ற பையன் கைப்பேசியைப் பார்த்து "பைசால் ஹலிம்!" என்று கத்தினான். 11ஆம் நிமிடம். அன்றைக்கு விழுந்த ஒரே கோல் அது. மூன்று நாள் கழித்து தாய்லாந்தில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் 3-0 என்று தோற்று வெளியேறினோம், ஆக அந்த அரையிறுதியில் நாம் போட்ட கோலே அது ஒன்றுதான்.

அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். 1980இல் மெர்டேக்கா அரங்கத்தில் தென் கொரியாவை 2-1 என்று வென்று ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற ஆட்டத்தை, ஆறுமுகம் கோல்காவலில் நின்றதை, நேரில் பார்த்தவர். 1998 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டிய இந்த அரங்கத்தைத் தொலைக்காட்சியில் மட்டுமே பார்த்திருந்தார், "அதுவும் ஒரு காலத்துல தோட்டந்தானே" என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். வரிசையில் அந்தச் சத்தம் கேட்டதும் என்னைப் பார்த்து, "இதுக்கு வீட்டுலயே கேட்டிருக்கலாமேப்பா" என்றார்.

உள்ளே போனால் ஒரே வரிசையும் இல்லை. இரண்டு இருக்கை மேல்தளத்தில், இரண்டு கீழ்தளத்தில். முட்டிவலிக்காரரை மேலே ஏற்ற முடியாமல் நானும் அப்பாவும் கீழே உட்கார, மனைவியும் மகனும் மேலே.

மீதி ஆட்டத்தைப் பார்த்தோம், அதை மறைக்கவில்லை. அதனால் டிக்கெட்டில் அச்சடித்திருக்கும் விலையைக் கழித்துக்கொண்டு மீதிப் பணத்தை 14 நாளுக்குள் என் கணக்கில் போடுங்கள். ரசீது, விளம்பரம், நான்கு டிக்கெட்டின் படம் எல்லாம் இணைத்திருக்கிறேன். இதற்கும் வவுச்சர்தான் பதில் என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகிறேன், அங்கே பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட்தான்.

இப்படிக்கு,
ஈப்போவிலிருந்து ஒரு வாடிக்கையாளர்