ரஹானேவை மறந்துவிட்டார்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

2025 நவம்பரில் ஒரு ஞாயிறு மதியம், பிரிக்பீல்ட்ஸ் மாமாக் உணவுக்கடையில் தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) ஆறும்வரை, தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான கொல்கத்தா டெஸ்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெற்றிக்கு வேண்டியது 124 ரன்தான். 93-இல் சுருண்டது இந்திய அணி. வாஷிங்டன் சுந்தர் அடித்த 31தான் அதிகம். "ரஹானே எங்கப்பா?" என்றார் பக்கத்து மேசைப் பெரியவர்.

நியாயமான கேள்வி. நடுவரிசை மட்டையாளர் அஜிங்க்ய ரஹானே, ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு ஒதுக்கப்பட்டிருந்து, 2023 ஓவலில் நடந்த உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப்போட்டிக்கு அழைக்கப்பட்டார்; விரலில் அடிபட்டும் 89 எடுத்தார். அடுத்த மாதமே மேற்கிந்தியத் தொடர். அப்புறம் கதவு சாத்தப்பட்டது. 2020 மெல்போர்ன் டெஸ்டில் 112 அடித்து, ஜடேஜாவோடு ஓடிய ஓட்டத்தில் ரன் அவுட் ஆனபோது கோபப்படாமல் அவரைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாரே, அந்த நிதானம் இன்றைய நடுவரிசையில் யாரிடம் இருக்கிறது?

சரி, வயது 35-ஐத் தாண்டிவிட்டது. உள்ளூர்ச் சுழற்பந்துக்கு அவரும் தடுமாறியவர்தான். அதனால் சொந்த மண்ணுக்கு வேண்டாம். வெளிநாட்டுத் தொடர் ஒன்றுக்கு, ஐந்தாம் இடத்தில், அழைக்கட்டும். ரன் எடுக்கவில்லையென்றால் நானே முதலில் வாயை மூடிக்கொள்வேன்.

இடைவெளிக்குப் பின் திரும்பி வந்தவர் சாதிப்பது, நம்மூர் கின்ராரா ஓவல் மைதானத்திலேயே பார்த்ததுதானே. 2006 செப்டம்பரில், தோள்பட்டை அறுவைக்குப் பின் திரும்பிய டெண்டுல்கர் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 141 எடுத்தார். மழை வந்து ஆட்டத்தைக் கெடுத்து, இந்தியா தோற்றது தனிச் சோகம்.

இப்படிக்கு,
பிரிக்பீல்ட்ஸ் வாசகர், கோலாலம்பூர்