அந்தத் தாத்தாவின் விரல்கள்

காட்பாடி,
புதன்கிழமை இரவு

தம்பிக்கு,

நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. பெண்ணைப் பிடித்திருக்கிறது, ஆனால் அவள் தாத்தாவுக்குத் தொழுநோயால் விரல் மடங்கியிருக்கிறதே, அது மூன்று தலைமுறைக்குத் தொடருமாமே என்றாய். 28 வருஷம் தொழுநோய் வார்டில் நர்ஸாக இருந்தவள் பெற்ற பிள்ளை கேட்கிற கேள்வியா இது? போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

தொழுநோய் பரம்பரையாக வருவதில்லை. கிருமியால் வருவது, 1873-இலேயே நார்வே டாக்டர் ஹான்சன் கண்டுபிடித்துவிட்டார். 100-இல் 95 பேருக்கு அந்தக் கிருமி ஒட்டவே ஒட்டாது. ஒட்டினாலும் 6 மாதமோ 12 மாதமோ கூட்டு மாத்திரை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். தாத்தா மாத்திரை முடித்து முப்பது வருஷம் ஆகிறது. பழுப்பேறிய அட்டையை இன்னும் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார். 2019-இல் விவாகரத்துக்கான காரணங்களிலிருந்தே இந்த நோயின் பெயரை எடுத்துவிட்டார்கள். நீ கல்யாணத்துக்கு முன்னாலேயே அதைத் தூக்கிக்கொண்டு வருகிறாய்.

விரல் அழுகி விழும் என்பதும் பொய். கிருமி நரம்பைத்தான் கெடுக்கும். உணர்ச்சி போய்விட்டால் சூடு தெரியாது, முள் குத்தினால் தெரியாது, புண் மேல் புண் வந்து விரல் குறுகிப்போகும். போன ஞாயிறு தாத்தா எவர்சில்வர் டம்ளரில் டீ குடித்தார். நான் தொட முடியாமல் கீழே வைத்த அதே சூடு. அவர் சாவகாசமாகப் பிடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசுகிறார். குடித்து முடித்தபோது கட்டைவிரல் ஓரம் சிவந்திருந்தது. நான்தான் பார்த்தேன், அவர் பார்க்கவில்லை. விரல் குறுகுவதன் இந்தக் காரணத்தை எடுத்துக்காட்டியது நம்ம வேலூரில் இருந்த டாக்டர் பால் பிராண்ட், கொல்லிமலையில் பிறந்தவர். ராத்திரி தூங்கும்போது எலி கடிப்பதுகூடத் தெரியாமல் விரலை இழக்கிறார்கள் என்று தெரிந்ததும், நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினாராம். மருந்துச் சீட்டில் பூனை!

உன் பெரியப்பா 'பைபிளிலேயே சாபம் என்று இருக்கிறது' என்று ஏதோ அனுப்பியிருந்தார், நீயும் அதை எனக்குத் தள்ளிவிட்டாய். லேவியராகமம் 13, 14 அதிகாரங்களை எடுத்துப் பார். அந்தக் குஷ்டம் துணியிலும் வரும், வீட்டுச் சுவரிலும் வரும். சுவருக்கு நரம்பு ஏது? எபிரேயத்தில் பலவிதத் தோல் கோளாறுக்கும் பூசணத்துக்கும் சேர்த்து வழங்கிய ஒரு சொல், மொழி மாறி மாறி நம்மிடம் குஷ்டம் என்று வந்து சேர்ந்தது. அந்தப் பழைய பெயரை இந்த மனிதர் தலையில் கட்டிவிட்டோம்.

தவறான பெயர் ஒட்டிக்கொள்வது நோய்க்கு மட்டுமில்லை. பெண் வீட்டுக்குப் பக்கத்தில், விளாப்பாக்கத்தில் ஒரு மலை இருக்கிறது. பஞ்சபாண்டவர் மலை என்பார்கள். பாண்டவர் வனவாசத்தில் தங்கிய குகை என்று சின்ன வயதில் நானும் நம்பினேன். அங்கே இருப்பது சமணர் குகை. பல்லவ நந்திவர்மனின் 50-ஆவது ஆட்சியாண்டுக் கல்வெட்டு, நாகநந்தி என்ற குருவோடு பொன்னியக்கியார் என்ற சமண யட்சியின் உருவத்தைச் செதுக்கியதைச் சொல்கிறது. சமணம் என்றால் வட்டிக்கடை சேட்டு என்று நினைத்துக்கொள்கிறோம். ஆரணி, போளூர், வந்தவாசிப் பக்கம் நயினார் என்கிற தமிழ்ச் சமணர் வீடுகளுக்குப் போய்ப் பார், தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசுகிறவர்கள்.

இதே மாதிரி நாம் தப்பாக நம்புகிற இன்னொன்று. உன்கூட வேலை செய்யும் பாலஸ்தீனப் பையனிடம், 'இஸ்ரேலோடு உங்கள் சண்டை ஆபிரகாம் காலத்துச் சண்டை' என்று ஏதும் சொல்லி வைக்காதே. இஸ்லாம் வந்ததே ஏழாம் நூற்றாண்டில்தான். இப்போதைய சண்டை சுமார் நூறு வருஷத்துக் கதை: 1917-இல் யூதர்களுக்கு அங்கே தாயகம் என்று பிரிட்டிஷ்காரன் கொடுத்த வாக்கு, 1947-இல் ஐ.நா. போட்ட பிரிவினைத் திட்டம், 1948 போரில் ஏழு லட்சம் பேர் வீட்டை விட்டு வெளியேறியது. மண்ணும் வீடும் பற்றிய வழக்கு. யூதக் குடும்பங்களும் செத்துப் பிழைத்து வந்தவர்கள்தான். யார் பக்கம் நியாயம் என்று நீ விவாதம் பண்ணு, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. தேதியைச் சரியாக வைத்துக்கொண்டு பண்ணு.

கிறிஸ்துமஸுக்கு வரும்போது அகலமான காது வைத்த, சூடு வெளியே தெரியாத கப் ஒன்று வாங்கி வா. தாத்தாவிடம் நீயே கொடு. உணர்ச்சியில்லாத பாதத்துக்கென்று மெத்தென்ற ரப்பரில் செய்த அவருடைய எம்.சி.ஆர். செருப்பும் தேய்ந்துவிட்டது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா