பூச்சு வேலையை ஆவணியில் வைத்துக்கொள்ளலாம்

கெய்ரோ,
29 மார்ச் 2024, வெள்ளிக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

குமார் எழுதுவது. ரவி கையில் கொடுத்துவிட்ட கடிதம் வந்து சேர்ந்தது. ரசப்பொடி டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்தீர்கள் போலிருக்கிறது, தாள் முழுக்க மிளகு வாசம். பொங்கலுக்கு அப்புறம் ஒரு வரிகூட எழுதவில்லை என்று கோபித்திருக்கிறீர்கள். கோபம் நியாயம்தான். போனில் பேசினால் உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை, அம்மாவோ பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்கிவிடுகிறாள். இங்கே வெள்ளிக்கிழமைதான் லீவு. துணி துவைத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், நிதானமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஊரைப் பற்றி. நான் இருப்பது கெய்ரோவில் நைல் ஆற்றுக்கு மேற்குக் கரை, கீஸா பக்கம். பைசல் தெரு என்று ஒன்று கிலோமீட்டர் கணக்கில் போய்க்கொண்டே இருக்கும், அதில் ஒரு சந்து. மொத்த நகரத்துக்கும் இரண்டு கோடிக்கு மேல் ஜனம் என்கிறார்கள். அத்தனை பேரும் இந்தத் தெரு வழியாகத்தான் வேலைக்குப் போகிறார்களோ என்று தோன்றும். சிக்னல் அபூர்வம், இருந்தாலும் யாரும் அதை மதிப்பதில்லை. வந்த புதிதில் ரோட்டைக் கடக்க முடியாமல் நின்றுகொண்டிருந்தேன். காய்கறிப் பையோடு வந்த ஒரு பாட்டி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். ஒரு வண்டியும் நிற்கவில்லை. எல்லாம் எங்களைச் சுற்றிக்கொண்டு போயின. அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு, என்னை ஒரு முறை முறைத்துவிட்டுப் போனாள். இப்போது நானும் அப்படித்தான் இறங்குகிறேன், அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

ஆரன் அடிக்காமல் இவர்களால் வண்டி ஓட்ட முடியாது. வழி கேட்க ஓர் ஆரன், நன்றி சொல்ல ஓர் ஆரன், திட்டுவதற்கு ஒன்று. சந்துக்குள் ஓடுவதெல்லாம் நம் பஜாஜ் ஆட்டோதான், கறுப்பு நிறம், உள்ளே பாட்டுச் சத்தம் காதைக் கிழிக்கும். பன்னிரண்டு வயசுப் பையன்கள்கூட ஓட்டுகிறார்கள்.

உங்களுக்குக் கை பரபரக்கக்கூடிய விஷயம் ஒன்று இருக்கிறது. ரிங் ரோடு மேல் பஸ்ஸில் போகும்போது இரண்டு பக்கமும் வீடுகள். ஆறு மாடி, எட்டு மாடி, பத்து மாடி. பில்லரும் தளமும் கான்கிரீட், இடையில் சிவப்புச் செங்கல், அவ்வளவுதான். ஒன்றுக்காவது வெளிப்பூச்சு இருக்க வேண்டுமே! கண்ணுக்கெட்டின தூரம் வரை பூசாத சுவர். எல்லா வீட்டு உச்சியிலும் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறது. முதலில் ஏதோ வேலை நின்றுபோன பேட்டை என்று நினைத்தேன். பாதிக்கு மேல் அனுமதி இல்லாமல் கட்டினதாம், வெளியே பூசி யாருக்குக் காட்டப் போகிறோம் என்று விட்டுவிடுகிறார்கள். கம்பி எதற்கென்றால், பையனுக்குக் கல்யாணம் என்றால் மேலே ஒரு மாடி எழுப்ப.

நான் இருக்கும் கட்டிடமும் அதே ரகம். சுவர் நாலரை அங்குலம். வெளியே பூச்சில்லாமல் தை மாசக் குளிரில் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாலைவனத்து ஊர், கொளுத்தும் என்று நினைத்துத்தான் கம்பளி வேண்டாம் என்று சொன்னேன். ராத்திரி பத்து டிகிரிக்கு வந்துவிடுகிறது, தரை டைல்ஸில் கால் வைக்க முடியாது. இப்போது பரவாயில்லை, இனிமேல் மணல் காற்றுக் காலம். போன வாரம் ஒரு நாள் வானமே மஞ்சளாகிவிட்டது. ஜன்னலைச் சாத்தியும் சோற்றில் நறநறவென்று மண்.

சரி, பிரமிடுக்கு வருகிறேன். கல்லை எப்படிச் சேர்த்திருக்கிறார்கள், சாந்து உண்டா இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரிய பிரமிடு கூஃபு என்ற ராஜாவுடையது, நாலாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்தியது. ஒரு பக்க அடி அளவு 230 மீட்டர். கட்டி முடித்தபோது 146 மீட்டர் உயரம், இப்போது உச்சி கொஞ்சம் போய் 138 சொச்சம். தஞ்சாவூர்க் கோபுரத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் தூரத்திலிருந்து பார்த்தால் இவ்வளவுதானா என்றுதான் இருந்தது. கிட்டே போய் அடிவரிசைக் கல் பக்கத்தில் நின்றபோது, அந்த ஒரு கல்லே என் நெஞ்சு உயரத்துக்கு வந்தது. மொத்தம் 23 லட்சம் கல் என்று கணக்குச் சொல்கிறார்கள். சராசரி ஒரு கல் இரண்டரை டன்.

சாந்து உண்டு அப்பா. ஜிப்சத்தைச் சுட்டு அரைத்த கலவை. உள்கல்லுக்கெல்லாம் தாராளமாகவே போட்டிருக்கிறார்கள், இடைவெளியில் விரலே போகும். மேலே மூடின வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லில்தான் வேலைப்பாடு. அடியில் சில கல் மட்டும் மிச்சம் இருக்கிறது. இணைப்பில் நகத்தை வைத்துப் பார்த்தேன், இறங்கவில்லை. மற்றதையெல்லாம் பிற்காலத்தில் பெயர்த்து எடுத்துக்கொண்டுபோய் கெய்ரோவில் மசூதியும் மற்றதும் கட்டிவிட்டார்கள். பக்கத்தில் இருக்கிற இரண்டாவது பிரமிடின் உச்சியில் மட்டும் அந்த மூடுகல் இன்னும் இருக்கிறது. மேலே பூசிக்கொண்டு வரும்போது சிமெண்ட் தீர்ந்துபோய் நின்ற சுவர் மாதிரி இருக்கும்.

நீங்கள் சின்ன வயசில் எனக்கு டியூப் மட்டம் பிடிக்கக் கற்றுக்கொடுத்தீர்களே, இவர்களிடம் டியூபும் கிடையாது, ரசமட்டமும் கிடையாது. நாலு மூலைக்கும் மட்ட வித்தியாசம் இரண்டு அங்குலம்கூட வராது என்கிறார்கள். தூக்குக்குண்டு மட்டும் வைத்திருந்திருக்கிறார்கள்.

இன்னொன்று. 2013இல் செங்கடல் ஓரம் வாதி அல் ஜர்ஃப் என்ற இடத்தில், இந்தப் பிரமிடு கட்டின காலத்துப் பாப்பிரஸ் சுருள்கள் கிடைத்தன, ஒரு வகைக் கோரையில் செய்த தாள். மெரெர் என்று ஒரு மேஸ்திரி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் தூரா மலையிலிருந்து வெள்ளைக் கல்லைப் படகில் ஏற்றி இந்தப் பக்கம் கொண்டுவந்து இறக்கிய கணக்கு. இன்று ஏற்றினோம், இன்று கிளம்பினோம், ராத்திரி இங்கே தங்கினோம் என்று தேதிவாரியாக எழுதி வைத்திருக்கிறார். உங்கள் மணல் லோடு சிட்டைதான்! கட்டினவர்கள் அடிமைகள் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தது சரியில்லையாம். வேலையாட்கள் தங்கின ஊரையும் ரொட்டி சுட்ட அடுப்புகளையும் தோண்டி எடுத்திருக்கிறார்கள். அவர்கள் சமாதியில் இருந்த எலும்புகளில் முறிந்து, கட்டுப்போட்டு, கூடின தழும்பு இருக்கிறது. முதுகெலும்பு தேய்ந்தவர்களும் நிறைய. நீங்கள் பெல்ட்டைப் போடாமல் பரண் மேல் வைத்திருப்பதாகச் செல்வி சொன்னாள். தயவுசெய்து போடுங்கள்.

உள்ளே போக டிக்கெட் தனி. நான் போகவில்லை. குனிந்தபடியே ஏற வேண்டும், மூச்சு முட்டும் என்றார்கள். ரவி போய்வந்தான். உள்ளே ராஜா அறையின் கூரை முழுக்க அஸ்வான் கருங்கல்லாம், எண்ணூறு கிலோமீட்டர் ஆற்றில் வந்தது. வெளியே ஒட்டகக்காரர்கள் தொல்லைதான் பெரிய தொல்லை. ஏறுவது இலவசம் என்று ஏற்றிவிட்டு, இறக்கிவிடக் காசு கேட்கிற கூட்டம் அது. என்னைப் பார்த்ததும் "இந்தியா? அமிதாப் பச்சன்!" என்று கத்திக்கொண்டு ஓடிவருவார்கள். இந்த ஊரில் அவருக்கு இருக்கிற மரியாதை நம் ஊரில்கூட இருக்காது.

அதிலும் எங்கள் மொட்டைமாடிக்காரர் இருக்கிறாரே, அவர் ஒரு தினுசு. வீட்டுக்காரரும் அவர்தான். எழுபது வயசு இருக்கும், மேலே மரப்பலகையில் கூண்டு அடித்துப் புறா வளர்க்கிறார். சாயங்காலம் ஆனால் நீளக் கம்பில் துணியைக் கட்டி வீசிக்கொண்டு விசில் அடிப்பார், மொத்தக் கூட்டமும் வட்டம் போடும். பக்கத்து மாடிப் புறா ஒன்று வழி தப்பி இவர் கூட்டத்தோடு இறங்கிவிட்டால் அன்றைக்கு அவருக்குத் திருவிழா. என்னைப் பார்க்கும்போதெல்லாம் அமிதாப்புக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பார். நன்றாக இருக்கிறார் என்று சொல்லிவிடுவேன். மூன்று பையனுக்கு மூன்று மாடி எழுப்பியிருக்கிறார். இரண்டு பேர் குவைத்தில், ஒருவன் எங்கே என்று நான் கேட்பதில்லை. ஒரு மாடியில் நாங்கள் வாடகைக்கு, மற்ற இரண்டும் பூட்டியே கிடக்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் சாவியை எடுத்துக்கொண்டு போய்த் திறந்து, கூட்டி, தண்ணீர் தெளித்து, மறுபடி பூட்டிவிட்டு வருவார். இன்றைக்கும் வாளிச் சத்தம் கேட்டது.

சாப்பாட்டுக்குக் குறை இல்லை. கோஷரி என்று ஒன்று, சோறு, மைசூர்ப் பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை எல்லாம் ஒரே கிண்ணத்தில் போட்டு, தக்காளிச் சாறு ஊற்றி, மேலே வறுத்த வெங்காயம். அம்மா பார்த்தால் மிச்சம் மீதியை ஒன்றாகப் போட்டுக் கொடுக்கிறான் என்பாள். வயிறு நிறையும், விலையும் குறைச்சல். மொச்சை மாதிரி ஒரு பயறை அரைத்து வடை போடுகிறார்கள், நன்றாகவே இருக்கிறது. இப்போது நோன்பு மாதம். இங்கே புளியைக் கரைத்துச் சர்க்கரை போட்டு ஜில்லென்று குடிக்கிறார்கள்! அந்தப் புளியை வாங்கி வந்து, உங்கள் டப்பாப் பொடியைப் போட்டு நேற்று ரசம் வைத்தேன். கறிவேப்பிலை இல்லை. ஆனாலும் கொதித்து நுரை கட்டும்போது வந்த வாசத்துக்கு அடுப்பை அணைத்துவிட்டுச் சும்மா நின்றேன் கொஞ்ச நேரம்.

நோன்பு திறக்கிற நேரத்துக்குத்தான் இந்த ஊர் அடங்கும். ஆறு மணி சுமாருக்குப் பாங்கு சொன்னதும் பைசல் தெருவில் ஈ காக்கை இருக்காது, ஓர் ஆரன் கேட்காது. எல்லோரும் அவரவர் வீட்டில். பஸ்ஸை நிறுத்தி யாரோ ஜன்னல் வழியாகப் பேரீச்சம்பழம் திணித்துவிட்டுப் போவார்கள். அப்போது நம் ஊரில் மணி ஒன்பதரை. செல்வி பையனைத் தூங்க வைத்திருப்பாள், நீங்கள் திண்ணையில் நியூஸ் பேப்பரை மூன்றாம் தடவையாகப் படித்துக்கொண்டிருப்பீர்கள். அந்த ஒரு மணி நேரம்தான் கொஞ்சம் இழுக்கிறது அப்பா. மற்றபடி ஒன்றுமில்லை. கூட இருந்த இரண்டு பேரும் ஊருக்குப் போய்விட்டார்கள், அறை முழுக்க எனக்குத்தான், நிம்மதியாகக் கால் நீட்டிப் படுக்கிறேன். நோன்பு மாதத்தில் ஓவர்டைமும் இல்லை. நல்ல ஓய்வு.

இந்த ஊர்ப் பவுண்டு விழுந்துவிட்டது என்று டிவியில் சொன்னதாக மாமா சொன்னாராம். உண்மைதான், மார்ச் 6ஆம் தேதி டாலருக்கு 31ஆக இருந்தது ஒரே நாளில் 50 பக்கம் போய்விட்டது. அதெல்லாம் இறக்குமதி வியாபாரிகள் கவலைப்பட வேண்டியது. நம் கம்பெனியில் ஏதாவது சரிசெய்து கொடுப்பார்கள். இந்த மாதம் அனுப்பினது குறைவாகத் தெரியும், பேங்க்கில் ஏதோ கமிஷன் பிடித்திருக்கிறார்கள், அடுத்த மாதம் பார்த்துக்கொள்கிறேன்.

மாடிப் பூச்சை இப்போது ஆரம்பிக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த வெயிலில் பூசினால் வெடிப்பு விடும், நனைக்கப் போர் தண்ணீரும் போதாது. ஆவணியில் வைத்துக்கொள்ளலாம். வெயிலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டுப் பூசுகிறவர் நீங்கள், தெரியும். இருந்தாலும் ஆவணி என்றே இருக்கட்டும். எம் சாண்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தால் லோடு வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். கொடுக்க மாட்டேன் என்றால் சித்தப்பாவைப் பேசச் சொல்லுங்கள்.

செல்வி பையன் காதுகுத்து வைகாசியில் என்று எழுதியிருக்கிறீர்கள். லீவு கேட்டிருக்கிறேன், சந்தேகம்தான். தாய்மாமன் மடி இல்லாமல் எப்படி என்று அம்மா அழுவாள். பெரியப்பா வீட்டு சண்முகத்தை உட்கார வையுங்கள், அவனும் மாமன்தான். எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை என்று செல்வியிடம் சொல்லுங்கள். கடுக்கன் மட்டும் நம் செலவு. அம்மாவின் சீட்டு சித்திரையில் விழும், அதிலிருந்து எடுங்கள். மச்சான் கொடுக்கிறேன் என்றால் விடாதீர்கள், நாளைக்குப் பேச்சாகிவிடும்.

ஏப்ரல் 19 ஓட்டுப் போட அம்மாவைக் காலையிலேயே கூட்டிக்கொண்டு போங்கள், மத்தியானம் வெயில் தாங்காது.

உங்கள் மகன்,
குமார்

பின்குறிப்பு: ரவி மறுபடி ஜூனில் ஊருக்கு வருகிறான். சாம்பார் பொடி அரைக் கிலோ போதும். போன தடவை அம்மா மூன்று கிலோ கட்டிக் கொடுத்து, ஏர்போர்ட்டில் பாதியை எடுத்துப் போடச் சொல்லிவிட்டார்கள். அவன் பெட்டியில் மீதி இடம் எல்லாம் அவன் மாமியார் வீட்டு முறுக்கு.