சில்லறை மாற்றிவரச் சொன்ன ஆத்தாவுக்கும், மற்ற எல்லாருக்கும்

பாம்பன், அக்காள்மடம், தங்கச்சிமடம் சொந்தங்களுக்கு,

இன்று ஜூன் 14. நள்ளிரவோடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. தெற்குவாடியில் டீசல் பிடித்து, ஐஸ் ஏற்றி, மடிவலையைச் சரிபார்த்து வைத்துவிட்டோம். 61 நாள் கழித்து நாளை விடியலில் போட்டில் ஏறுகிறேன். அதற்கு முன்னால் இதை எழுதி முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். சொல்ல வேண்டியதைக் கரையில் சொல்லாமல் கடலுக்குப் போகக் கூடாது என்பார் என் அப்பா.

நடந்ததை மறுபடி எழுதப் போவதில்லை. தை மாதம் அந்த ராத்திரி என் வீட்டு வாசலில் நின்றவர்களில் பாதிப் பேராவது இதைப் படிப்பீர்கள். மீதிப் பேர் மறுநாள் காலையில் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதற்கு முந்தைய பதினைந்து வருசக் குடியும் உங்கள் கண்முன்னால் நடந்ததுதான். ஊர் எனக்கு வைத்த பட்டப்பெயரை இங்கே எழுதவில்லை. என் மகள் இதைப் படிப்பாள்.

முதலில் பாஸ்டர் ஐயாவுக்கு நன்றி. அன்றைக்கு நான் அவர் காலில் விழுந்து, "இப்போதே ஜெபம் பண்ணுங்க, இனிமேல் தொட மாட்டேன்" என்று அழுதேன். அவர், "ஜெபம் பண்ணுவோம்யா, போற வழியில வண்டியிலேயே பண்ணுவோம். முதல்ல ஆஸ்பத்திரிக்கு ஏறு" என்றார். பல வருசம் விடாமல் குடித்தவன் ஒரே நாளில் நிறுத்தினால் கைநடுக்கத்தோடு போகாது, வலிப்பு வரலாம், உயிரே போகலாம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாது. இரண்டாம் நாள் ராத்திரி நான் பட்டபாட்டை டாக்டரும் அந்த நர்ஸ் அக்காவும்தான் பார்த்தார்கள். இதைப் படிக்கிற யார் வீட்டிலாவது என்னைப் போல ஒருவர் இருந்தால், ஜெபம் பண்ணுங்கள், டாக்டரிடமும் கூட்டிப்போங்கள். இரண்டும் ஆண்டவர் கொடுத்ததுதான்.

எங்கள் பங்குச் சாமியாருக்கும் நன்றி. இதை எழுதும்போது கொஞ்சம் தயங்குகிறேன், ஆனாலும் எழுதத்தான் வேண்டும். நான் ஜெபவீட்டில் ஞானஸ்நானம் எடுக்கப் போகிறேன் என்றதும் அம்மா உடைந்துபோனார். "கைக்குழந்தையா இருக்கும்போதே கோயில்ல ஞானஸ்நானம் குடுத்துப் பேரு வச்ச பிள்ளை நீ. அது என்ன ஆச்சு? அது பொய்யா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. சாமியாரிடம் போய் அழுதார். அவர் வீட்டுக்கு வந்தார். சண்டை வரும் என்று நினைத்து நான் பின்வாசல் பக்கம் நின்றிருந்தேன். அவர் அம்மாவுக்கு யோவான் 3-ஆம் அதிகாரத்தை வாசித்துக் காட்டினார். ராத்திரியில் இயேசுவைப் பார்க்க வந்த நிக்கொதேமு கடவுளைத் தெரியாத ஆள் இல்லை, பரிசேயர், வேதம் படித்தவர், யூதர்களுக்குள்ளே பெரிய மனிதர், அவரிடம்தான் மறுபடியும் பிறக்க வேண்டும் என்று ஆண்டவர் சொன்னார் என்றார். அந்தக் கிரேக்கச் சொல் 'அனோதென்' என்பதாம். 'மறுபடியும்' என்றும் பொருள், 'மேலிருந்து' என்றும் பொருள். "மேலேயிருந்து வர்ற பிறப்பும்மா. கோயிலுக்குப் போறவனுக்கும் அது வேணும், எனக்கும் வேணும்" என்றார். திருச்சபைப்படி ஞானஸ்நானம் ஒன்றுதான், இரண்டாவதை ஏற்க முடியாது என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஆனால் போகும்போது என் தலையில் கைவைத்துவிட்டுப் போனார். அந்தக் கை ஒன்றும் சொல்லவில்லை. எனக்குப் போதுமானதாக இருந்தது.

அடுத்த வாரம் அம்மா என்னை ஓரியூருக்குக் கூட்டிப்போனார். அருளானந்தர் 1693-இல் வெட்டுப்பட்ட இடம். அங்கே செம்மண். அம்மா அதில் ஒரு சிட்டிகை எடுத்து என் நெற்றியில் பூசினார். போர்ச்சுகலில் ஜோவான் டி பிரிட்டோ என்று பிறந்து, இந்த நாட்டில் அருளானந்தராக வாழ்ந்து, அந்தப் பெயரிலேயே நம்மிடம் நிற்கிறவர். சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை அங்கே போயிருக்கிறேன். ஒரு மனிதருக்கு இன்னொரு பெயர் கிடைக்கும் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். அம்மா, நீங்கள் முழுக்கச் சம்மதிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் ஞானஸ்நானத்தன்று துண்டை எடுத்துக்கொண்டு கரையில் வந்து நின்றீர்கள். அதை மறக்க மாட்டேன்.

மே மாதம், கச்சான் காற்று தொடங்கிவிட்டது. தென்கடலில் அலை. அதனால் வடகடலில்தான் முழுக்கு. அந்தப் பக்கம் தண்ணீர் குளம் மாதிரி கிடக்கும், உங்களுக்குத் தெரியாததா? இடுப்பளவு ஆழத்துக்கு ரொம்ப தூரம் நடக்க வேண்டியிருந்தது. பாஸ்டர் ஐயா முன்னால், நான் பின்னால், காலுக்கடியில் பாசி. பதினாலு வயதிலிருந்து கடலில் முங்கி எழுந்தவன் நான். தண்ணீர் எனக்குப் புதிதில்லை. ஆனால் அன்றைக்கு அவர் என் முதுகைப் பிடித்துச் சாய்த்தபோது கை கால் எதையும் அசைக்கவில்லை. நீந்தத் தெரிந்தவனுக்கு அது கஷ்டம். உப்புத்தண்ணீர் மூக்கில் ஏறியது. எழுந்தேன். இருமினேன். கரையில் பாட்டு கேட்டது. ஒருவன் கிறிஸ்துவுக்குள் இருந்தால் புதுச்சிருஷ்டியாயிருக்கிறான் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியது எனக்கு மனப்பாடம். அன்றைக்குத்தான் அது என்னைப் பற்றி எழுதியதாகப் பட்டது.

அன்று சாயங்காலமே, ரோட்டில் ஒரு பையன் பின்னாலிருந்து அந்தப் பழைய பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான்.

நான் திரும்பினேன்.

அந்த நாட்களில் என்னை அரித்தது இதுதான். நான் புதிய ஆள் என்று எனக்குத் தெரியும், ஆண்டவருக்குத் தெரியும். ஊருக்கு எப்படித் தெரியும்? முகம் அதே முகம். யார் யாரிடம் என்ன வாங்கினேன், எதை எடுத்தேன், எதைத் திருப்பித் தரவில்லை என்பதெல்லாம் ஊரின் ஞாபகத்தில் அப்படியே இருக்கிறது. முழுக்கு முடிந்து ஒன்பதாம் நாள் டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் பெஞ்சில் வைத்திருந்த செல்போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவர்மேல் தப்பே இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். டீயைக் குடித்து முடிக்காமல் எழுந்து கடற்கரைக்குப் போனேன்.

அங்கேதான் மீன் விற்கிற ஆத்தா இருந்தார்.

தடைக்காலமானாலும் நாட்டுப்படகு மீன் வந்துகொண்டுதான் இருந்தது. மணி பன்னிரண்டு தாண்டியிருக்கும். ஏலம் எல்லாம் முடிந்து, கூடையில் மிச்சம் இருந்த விளமீனை வெளியூர்க்காரர் ஒருவருக்கு ஆத்தா வெட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். 350 ரூபாய். அவர் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினார். சுருக்குப்பையில் சில்லறை இல்லை. ஆத்தா சுற்றிப் பார்த்தார். பக்கத்தில் நான்தான் நின்றேன். கை முழுக்கச் செதில். இரண்டு விரல் நுனியில் தாளைப் பிடித்து என் பக்கம் நீட்டி, "ஏய்யா, இதை மாத்திட்டு வாய்யா, வெரசா" என்றார்.

அவ்வளவுதான். என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. அடுத்த துண்டு வெட்டக் குனிந்துவிட்டார்.

நான் யார் என்று ஆத்தாவுக்குத் தெரியாமல் இல்லை. நன்றாகத் தெரியும். அவர் கூடையிலிருந்தே ஒரு காலத்தில் நான் மீன் எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். அவர் எங்கள் சபையும் இல்லை, கோயிலும் இல்லை. நெற்றி நிறையக் குங்குமம் வைத்து, ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர். என் ஞானஸ்நானத்தைப் பற்றி அவரிடம் நான் பேசியதே இல்லை.

தாளை வாங்கினேன். ஈரமாக இருந்தது. ஒரு செதில் காந்தியின் கண்ணாடிமேல் ஒட்டியிருந்தது. அதை நகத்தால் எடுத்தேன். பலசரக்குக் கடைக்கு நேராகப் போக வேண்டும். பாதி வழியில் வலது பக்கம் திரும்பினால் அந்தக் கடை. பல வருசம் என் கால் தானாகத் திரும்பிய இடம். அந்த நேரத்தில்தான் திறந்திருப்பார்கள். என் கையில் ஐந்நூறு ரூபாய். யாரும் என்னோடு வரவில்லை, யாரும் பார்க்கவில்லை. நான் ஜெபம் பண்ணினேன் என்று எழுத ஆசைதான். ஆனால் உண்மையைச் சொன்னால், அந்த மூலையைத் தாண்டும்போது எனக்கு ஒரே ஒரு நினைப்புதான்: ஆத்தா மீன் வாங்க வந்தவரைக் காக்க வைத்திருக்கிறார், வெரசா போகணும்.

கடை பாய் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "யாருதுப்பா?" என்றார். "ஆத்தா குடுத்துவிட்டுச்சு பாய்" என்றேன். எட்டிக் கரைப்பக்கம் பார்த்துவிட்டு, நாலு நூறும் இரண்டு ஐம்பதும் தந்தார்.

திரும்பி வந்து நீட்டினேன். ஆத்தா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எண்ணினார். ஒவ்வொரு தாளாக எண்ணினார். நூறும் ஐம்பதும் எடுத்து அந்த ஆளிடம் கொடுத்தார். மீதியைச் சுருக்குப்பையில் போட்டு இறுக்கினார். அப்புறம், "வெயில்ல நிக்காத, நிழலுக்குப் போய்யா" என்றார்.

அந்த எண்ணலைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். ஆத்தா எண்ணாமல் வாங்கிப் போட்டிருந்தால், என்மேல் பரிதாபப்பட்டு, உன்னை நம்புகிறேன் என்று காட்டுவதற்காகச் செய்ததாகியிருக்கும். எண்ணினார். பெற்ற மகன் கொண்டுவந்து கொடுத்தாலும் எண்ணித்தான் வாங்குவார். அந்த இரண்டு நிமிசம் நான் திருந்திய குடிகாரன் இல்லை, சாட்சி சொல்கிற ஆளும் இல்லை. சில்லறை மாற்றிவரப் போன ஒரு ஆள். நிழலில் போய் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியவில்லை.

மறுபிறப்பு மேலிருந்து வருகிறது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என்னால் ஆகியிருந்தால் பதினைந்து வருசத்துக்கு முன்னாலேயே ஆகியிருக்கும். ஆனால் பிறந்த பிள்ளையை யாராவது கையில் வாங்க வேண்டும் இல்லையா? ஜெபவீட்டார் வாங்கினார்கள். அம்மா வாங்கினார். ஊர்ப்பக்கத்திலிருந்து வாங்கியது ஆத்தா. தான் வாங்கியது தெரியாமலேயே வாங்கினார்.

மற்றவர்களை ஒவ்வொருவராகச் சொன்னால் இந்த மடல் முடியாது. முதல் மூன்று வாரம் முறைவைத்து ராத்திரி என்னோடு படுத்துக்கொண்ட சபைத் தம்பிமார், கட்டணம் கட்டாத மாதங்களிலும் மகளை வகுப்பில் உட்கார வைத்த டீச்சர், நோன்பு நாட்களில் எங்கள் வீட்டுக்கும் ஒரு தூக்குவாளிக் கஞ்சி கொடுத்துவிட்ட அதே கடை பாய், எல்லாம் தெரிந்தும் என்னை மறுபடி போட்டில் ஏற்றுகிற முதலாளி, கடல்பாசி எடுக்கப் போய்க் குடும்பத்தைக் காப்பாற்றிய என் மனைவியைத் தனியாக விடாமல் கூடவே போன சின்னப்பாலத்து அக்காமார். உங்கள் எல்லாருக்கும் என் கும்பிடு. மனைவிக்கு இங்கே நன்றி எழுத மாட்டேன். அதற்கு ஒரு மடல் போதாது, நான் நடந்து காட்டத்தான் வேண்டும்.

இனி கடன். எரிகோவில் சகேயுவின் வீட்டுக்கு இயேசு வந்தபோது, ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குத் தருகிறேன், அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று அவர் எழுந்து நின்று சொன்னதாக லூக்கா எழுதியிருக்கிறார். என்னிடம் பாதி கொடுக்க ஆஸ்தி இல்லை. நாலு மடங்குக்கும் வழியில்லை. ஆனால் ஆண்டவர் என் பாவத்தை மன்னித்தார் என்பதற்காக உங்கள் கணக்கும் தீர்ந்துவிட்டது என்று நான் நினைத்தால், அது மறுபிறப்பு இல்லை, ஏமாற்று. மகளின் பழைய நோட்டில் பெயர்களை எழுதியிருக்கிறேன். ஞாபகம் வந்தவரை பதினாலு பேர். விட்டுப்போனவர்கள் வந்து சொல்லுங்கள், மறுக்க மாட்டேன். நாளையிலிருந்து ஒவ்வொரு நடையிலும் என் பங்கில் மூன்றில் ஒன்றை முதலாளி பிடித்துவைத்து, நான் சொல்கிற பெயருக்குக் கொடுப்பார். என் கைக்கு வராமலே போகட்டும் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். முதல் பெயர் அந்த எஞ்சின்காரப் பெரியவர். அவருக்கு முடிய ஒரு வருசத்துக்கு மேல் ஆகும் போலிருக்கிறது. பெரியவரே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்களுக்கும் ஒன்று. கூப்பிடுங்கள். திரும்பிப் பார்ப்பேன், கோபப்பட மாட்டேன். அந்தப் பெயரைச் சம்பாதித்தவன் நான்தான். அது உங்கள் வாயிலிருந்து எப்போது போகுமோ அப்போது போகட்டும்.

மணி பத்தாகிவிட்டது. வெளியே கச்சான் பலமாக அடிக்கிறது, ஓலை சத்தம் போடுகிறது. காற்று தனக்கு இஷ்டமான இடத்தில் வீசுகிறது, அதன் சத்தத்தைக் கேட்கிறாய், எங்கிருந்து வருகிறது என்று உனக்குத் தெரியாது என்று நிக்கொதேமுவிடம் ஆண்டவர் சொன்னார். காற்றுக்கெல்லாம் பெயர் வைத்திருக்கிற நமக்கும் அது தெரியாதுதான். மூன்று மணிக்கு எழுந்து கிளம்ப வேண்டும்.

ஆத்தா, உங்களுக்கு வாசிக்கத் தெரியாது என்று தெரியும். பேத்தி வாசித்துக் காட்டும். அன்றைக்கு நீங்கள் கொடுத்துவிட்டது எனக்கு என்ன என்று உங்களிடம் நேரில் சொல்ல நான் இரண்டு தடவை வந்தேன். இரண்டு தடவையும் வாய் வரவில்லை, மீன் விலை கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். நாளை மறுநாள் போட்டு கரைக்கு வரும். ஏலத்தில் கூட்டம் இருக்கும், சில்லறைத் தட்டுப்பாடும் இருக்கும். நான் பக்கத்தில்தான் நிற்பேன். கூப்பிடுங்கள்.

பாம்பன் தெற்குவாடியிலிருந்து,
உங்கள் பிள்ளை