அம்மாயியின் கரிக்கோடு

அன்பு மகனுக்கு,

இங்கே எல்லோரும் நல்ல சுகம். நாலு நாளாக மழை விடவில்லை. பீலித் தண்ணீர் செம்மண்ணாக வருகிறது. அப்பா ஹட்டன் டவுனுக்குக்கூடப் போகாமல் வீட்டிலேயே இருக்கிறார்.

போன வெள்ளிக்கிழமை கோல் எடுத்தபோது, தொழிலாளர் தங்குமிடத்துக்குப் பிளான் போடுவதாகச் சொன்னாய். அறையின் பரப்பை ஆளுக்கு வேண்டிய இடத்தால் வகுத்தால் எத்தனை பேர் என்று வந்துவிடும், அவ்வளவுதான் வேலை என்றாய். முன்பெல்லாம் ஒரு கணக்கோடு விடியும்வரை மல்லுக்கட்டுவாயே, இப்போதும் அப்படி உட்காருகிறாயா என்று கேட்டேன். "கணக்கு ஒரு ஸ்பேனர் மாதிரி அம்மா. நட்டை முறுக்கியதும் பெட்டிக்குள் போட்டுவிட வேண்டியதுதான்" என்றாய். அன்றிலிருந்து அது மனதுக்குள் கிடந்து உறுத்துகிறது. போனில் சொன்னால் பாதியில் லைன் அறுந்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு, உன் அம்மாயிக்கு, எழுதப் படிக்கத் தெரியாது என்று உனக்குத் தெரியும். தோட்டத்தில் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துவிட்டு வந்ததும், கூடையை இறக்கி வைத்த கையோடு அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுப்பார். நாங்கள் இருந்த லயத்து அறையான காம்பராவின் உள்சுவரில், சாமிப் படத்துக்குக் கீழே, பத்து றாத்தலுக்கு ஒரு கோடு, மீதிக்குப் புள்ளி. 38 றாத்தல் என்றால் மூன்று கோடு, எட்டுப் புள்ளி. தண்ணிக்கு, கூடைக்கு என்று கழித்த பிறகு கணக்கப்பிள்ளை வாயால் சொல்லும் எண்ணைத்தான் போடுவார். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல், அதில் கரி வேறு. நாளுக்கு ஒரு வரி. சம்பளம் வந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி தொடங்குவார்.

எனக்கு ஒன்பது வயதில், ஒரு மாதம் தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் 46 றாத்தல் குறைந்திருந்தது. அம்மாயி சுவரைப் பார்த்துக் கொப்பியில் எழுதச் சொல்லி, என்னைக் கையில் பிடித்துக்கொண்டு கொழுந்து நிறுக்கும் கொழுந்து மடுவத்துக்குப் போனார். கணக்கப்பிள்ளை முதலில் விரட்டினார். அம்மாயி நகரவில்லை. கடைசியில் அவர் தினப் புத்தகத்தை எடுத்தார். நான் வரிக்கு வரி வாசிக்க, அவர் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். எல்லா நாளும் சுவரோடு ஒத்தது. மாதக் கூட்டலில்தான் பிழை. நான் சத்தமாகக் கூட்டினேன், அவர் பேனாவால் கூட்டினார். என் வாயில் வந்த எண்தான் அவர் பேனாவிலும் வந்தது. அடுத்த சம்பளத்தில் அந்த 46 றாத்தல் காசு சேர்ந்து வந்தது.

ஸ்பேனர் பிடித்தவன் சொன்னதைக் கேட்கும், மகன். அன்று கணக்கு யார் சொன்னதையும் கேட்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் யார், இந்தப் பக்கம் வெறுங்காலோடு நிற்பவள் யார் என்று அதற்குப் பார்க்கத் தெரியவில்லை. நான் கணக்கு டீச்சர் ஆனது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். நியமனக் கடிதம் பிறகு வந்தது, அவ்வளவுதான்.

உயர்தரம் படிக்கும்போது இன்னொன்று நடந்தது. குப்பி லாம்பு வெளிச்சத்தில் இரண்டின் வர்க்கமூலம் ஒரு பின்னமாக இருக்க முடியாது என்ற நிறுவலைப் படித்துக்கொண்டிருந்தேன். நீயும் படித்ததுதான். பின்னம் என்று வைத்துக்கொண்டு, முடிந்த மட்டும் சுருக்கிவிட்டுத் தொடங்குகிறோம். நாலைந்து வரி போனால் மேலே இருப்பதும் இரட்டை எண், கீழே இருப்பதும் இரட்டை எண் என்று வந்துவிடுகிறது. சுருக்கி முடித்ததில் மறுபடி இரண்டு எப்படி வரும்? நான் எழுந்து வெளியே வந்து இஸ்தோப்பில் நின்றேன். பக்கம் ஒன்று என்று ஒரு சதுரத்தை வரைந்தால் அதன் மூலைவிட்டம்தான் இந்த இரண்டின் வர்க்கமூலம். அதை எவ்வளவு நுணுக்கமான அடிமட்டத்தால் அளந்தாலும் இது தெரியவராது. அளவு எப்போதும் பக்கத்தில் ஏதோ ஒரு பின்னத்தைத்தான் காட்டும். உலகத்தில் எந்தக் கருவியாலும் கண்டுபிடிக்க முடியாத ஒன்று, லயத்தில் ஒரு கொப்பியின் அரைப் பக்கத்தில் கிடந்தது.

அது உபயோகப்படுமா என்று அந்த இரவு எனக்குத் தோன்றவே இல்லை. உபயோகம் வரலாம், வராமலும் போகலாம். கிரேக்க நாட்டில் அப்பொலோனியஸ் என்பவர் கூம்பை வெட்டினால் வரும் வளைகோடுகளைப் பற்றி எழுதி ஏறத்தாழ 1,800 வருஷம் கழிந்த பிறகு, 1609இல்தான் செவ்வாய்க் கிரகம் சுற்றும் பாதை அவற்றில் ஒன்றான நீள்வட்டம் என்று கெப்ளர் வெளியிட்டார். அத்தனை நூற்றாண்டும் அந்தக் கோடு என்ன கருவியாகவா இருந்தது?

உன் தொழிலிலேயே பார். தெமோதரையில் கோச்சி ஒரு சுற்றுச் சுற்றி, ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் போவதைச் சின்னதில் ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்தாயே. நம் மலை ரயில் பாதையில் 44 அடி நீளத்துக்கு ஓர் அடிக்கு மேல் ஏற்றம் கூடாது. அந்த 44 கணக்கு. ஆனால் பாதையைச் சுற்றிவிடலாம் என்ற எண்ணம், ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பக் கட்டியதைப் பார்த்து வந்ததாக இங்கே கதை சொல்வார்கள். கதை உண்மையோ இல்லையோ, எனக்குப் பிடிக்கும். முதலில் ஒருவன் வடிவத்தைக் கண்டிருக்கிறான்.

சரி, கணக்கின் எல்லைக்கு வருகிறேன். கணிதம் தன் எல்லையைத் தானே சொல்லிவிடும். அடிமட்டமும் கவராயமும் மட்டும் வைத்து எந்தக் கோணத்தையும் மூன்று சமமாகப் பிரிக்க 2,000 வருஷம் முயன்றார்கள். பொதுவாக அது முடியவே முடியாது என்று 1837இல் வான்ட்செல் நிறுவினார். 1931இல் கோடெல் இன்னும் ஆழமாகப் போனார். முழு எண்களின் கூட்டலையும் பெருக்கலையும் சொல்லப் போதுமான, ஒழுங்காகப் பட்டியல் போடக்கூடிய அடிப்படை விதிகள் எவற்றை எடுத்தாலும், அவை ஒன்றோடொன்று முரண்படாத வரை, அவற்றால் நிறுவவும் மறுக்கவும் முடியாத கூற்று ஒன்று மிஞ்சும் என்று காட்டினார். எந்த ஸ்பேனரும் தனக்கு மாட்டாத நட்டு இது என்று எழுதிக் கொடுத்ததில்லை.

நான் பயப்படும் எல்லை அதுவல்ல.

1964 அக்டோபரில் இலங்கையும் இந்தியாவும் ஒப்பந்தம் போட்டன. நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளி நம் ஆட்கள் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர். 5 இலட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 இலட்சம் இங்கே, மிச்சம் ஒன்றரை இலட்சம் பிறகு பார்க்கலாம். 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாக 75 ஆயிரம், 75 ஆயிரம் என்று பிரித்தார்கள். 525க்கு 300ஐச் சுருக்கினால் 7க்கு 4. ஏழு பேர் அங்கே, நாலு பேர் இங்கே. நான் எத்தனையோ தடவை கூட்டிப் பார்த்திருக்கிறேன், மகன். ஒன்றும் மிஞ்சவில்லை. கணக்கு சரி.

அந்த ஏழில் விழுந்தவர் என் மாமா, அம்மாயியின் தம்பி. அம்மாயி நாலில். 1973இல் மாமா குடும்பம் போனது. இந்தியாவுக்குக் கப்பல் ஏறத் தலைமன்னார் போகிற அந்த வண்டியை ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். அம்மாயி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிளாட்போம் முடியும்வரை கூடவே நடந்தார். அந்த வாரம் முழுக்கச் சுவரில் ஒரு கோடு விழவில்லை. வேலைக்குப் போனார், கொழுந்து எடுத்தார், ஆனால் கரியைத் தொடவில்லை.

கொழுந்து மடுவத்தில் அம்மாயியைக் காப்பாற்றிய அதே குணம்தான் இது. கணக்கு ஆள் பார்க்காது. ஏழில் யார், நாலில் யார் என்று அது கேட்காது. கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

நாங்கள் இருந்த காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. ஏழு பேர் படுத்தோம். 120ஐ ஏழால் வகுத்தால் ஆளுக்கு 17 சதுர அடியும் கொஞ்சமும். துரைமார் காலத்தில் யாரோ ஒருவர் இப்படித் தாளில் வகுத்துப் பார்த்துவிட்டு, 'போதும்' என்று நினைத்திருப்பார். அந்தச் சொல் வகுத்தலில் இருந்து வரவில்லை. அவர் தன் பக்கத்திலிருந்து சேர்த்தது. ராத்திரி அம்மாயி புரண்டு படுத்தால் நானும் புரள வேண்டும். உன் பிளானிலும் வகுத்த பிறகு அந்தச் சொல்லை எழுதப் போவது நீதான். எழுதுவதற்கு முன்னால் அந்த அறையில் ஒரு தடவை படுத்துப் பார், ராசா.

அப்புறம் ஒரு விஷயம். தமிழ்நாட்டுக் கூடலூரிலிருந்து மாமாவின் பேரன் வட்ஸ்அப்பில் ஒரு கணக்கு அனுப்பியிருக்கிறான். பத்தாம் வகுப்புப் படிக்கிறான். அடுத்தடுத்த நான்கு எண்களைப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் எப்போதும் முழு வர்க்கம் வருகிறதாம். 1, 2, 3, 4 என்றால் 25. 2, 3, 4, 5 என்றால் 121. ஏன் என்று கேட்கிறான். பாயில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன், நாலு வரியில் வந்துவிட்டது. வந்த சந்தோஷத்தில் அப்பாவை எழுப்பிவிட்டேன். உனக்கு விடை சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை உனக்கு லீவுதானே, பேனாவோடு உட்கார். கோல் எடுக்கும்போது சொல்.

அன்புடன்,
அம்மா