புகுந்த ஊருக்குப் போகுமுன்

பாளையங்கோட்டை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கத்தான் செய்கிறது, ஆனால் கோயிலுக்கு நடந்தே போய் வருகிறாள்.

"அடுத்த வருஷம் வஹாக்காவுக்கே திரும்பிப் போயிரலாம்னு இருக்கோம்ப்பா" என்று நீ ஹூஸ்டனிலிருந்து போனில் சொல்லிப் பத்து நாளாகிறது. அன்றைக்கு "நல்லது, யோசித்துச் செய்யுங்கள்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். போனில் சொன்னால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று வேகமாக முடித்துவிடுவாய். எழுதினால் எடுத்து வைத்து இன்னொரு முறை படிப்பாய்.

முதலில் அந்தச் சொல். 'திரும்பி' என்றாய். மாப்பிள்ளைக்கு அது திரும்புவதுதான். மெக்சிகோவில் அவர் பிறந்த மாநிலம், பெற்ற தாய் இருக்கிற ஊர், தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த வீடு. உனக்கு அது புகுந்த ஊர், தாயீ. அவர் தெருவில் இறங்கினால் நாலு பேர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நீ இறங்கினால் இன்னார் மருமகள் என்பார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. உன் அம்மா கடையநல்லூரிலிருந்து இங்கே வந்தபோதும் அப்படித்தான். அவள் பெயர் இந்தத் தெருவுக்குத் தெரிய ஆறு வருஷம் ஆனது. ஆனால் அவளுக்கு மொழி தெரியும். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க எங்கே போக வேண்டும் என்று தெரியும். கோபம் வந்தால் பஸ் ஏறிப் பிறந்த வீட்டுக்குப் போய்விடலாம். உனக்கு அங்கே இந்த மூன்றும் கிடையாது. நீங்கள் போட்டிருக்கும் திட்டத்தை முழுக்கக் கேட்டேன். எல்லாம் திரும்புகிறவருக்குப் போட்ட திட்டமாக இருக்கிறது. புகுகிறவளுக்கு என்ன போட்டிருக்கிறீர்கள்?

போகாதே என்று சொல்ல இதை எழுதவில்லை. 2019-ல் உங்கள் கல்யாண விருந்துக்கு வந்து மாப்பிள்ளையின் ஊரான தியோதித்லானில் அவர்கள் வீட்டில் எட்டு நாள் தங்கியிருந்தோமே, ஒரு காலையில் உன் மாமியார் சாயம் காய்ச்சும் முற்றத்துக்கு என்னைக் கூப்பிட்டார். சப்பாத்திக்கள்ளி மட்டையில் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்த பூச்சியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து நசுக்கினார். மருதாணியை விட அடர்ந்த சிவப்பு. அதன்மேல் எலுமிச்சை நாலு சொட்டுப் பிழிந்தார். ஆரஞ்சாகப் பளிச்சென்று மாறியது. பக்கத்திலேயே இன்னொரு பொட்டு வைத்துச் சோடா உப்பு ஒரு சிட்டிகை, ஊதா. நம்மூர் வேலியில் கிடக்கிற கள்ளி அவர்கள் தேசத்திலிருந்து வந்ததுதான் என்று மாப்பிள்ளை சொன்னார். அன்றைக்கு மத்தியானம் அம்மா அவர்களுடைய மூன்று கால் அம்மி முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து மிளகாய் அரைக்கப் பழகினாள். சம்பந்தியம்மா அவள் தோளைப் பிடித்துக் கொடுத்தார். அந்த வீட்டுக்கு மகளை அனுப்ப எனக்குப் பயமில்லை.

பயமெல்லாம் காகிதத்தில்தான். முப்பத்திரண்டு வருஷம் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருந்தவன் நான். கெட்டவர்கள் வீட்டுப் பத்திரங்கள் கச்சிதமாக இருக்கும். நல்லவர்கள்தான் "நமக்குள்ளே என்ன எழுத்து" என்று விட்டுவிடுவார்கள். பிறகு அவர்கள் பிள்ளைகள் என் மேஜைக்கு முன்னால் வந்து நிற்பார்கள்.

மாமியார் வீட்டுக்குப் பின்னால் உள்ள இடத்தில் வீடு கட்டப் போவதாகச் சொன்னாய். அது என்ன வகை நிலம் என்று கேட்டாயா? அந்த நாட்டில் தனியார் நிலம் ஒரு வகை. புரட்சிக்குப் பிறகு 1917 அரசியல் சட்டத்தின் 27-ஆம் பிரிவின் வழியாக விவசாயிகளுக்குக் கூட்டாகக் கொடுத்த எஹிதோ நிலம் ஒரு வகை. பழங்குடி ஊர்களுக்கே சொந்தமான கொமுனால் நிலம் இன்னொரு வகை. வஹாக்காவில் பெரும்பகுதி நிலம் பின்னால் சொன்ன இரண்டில்தான் அடங்கும். எஹிதோ நிலத்தைத் தனிச்சொத்தாக மாற்றிக்கொள்ள 1992-ல் சட்டத் திருத்தம் வழி விட்டது. கொமுனால் நிலம் ஊருடையது. குடும்பத்துக்கு அனுபவ பாத்தியதைதான். அந்த இடம் கொமுனால் என்றால், ஊர்ச்சபை மாப்பிள்ளையை ஏற்றுக்கொள்ளும், உன் பெயரில் கிரயம் ஆகாது. வீட்டுக்குப் போடப் போகிற பணத்தில் பாதி உன் சம்பளம், அம்மாடி.

அதற்காக மாமியார் பக்கத்தில் கட்டாதே என்று சொல்லவில்லை. அங்கே சின்னதாகக் கட்டுங்கள். உன் பங்கில் ஒரு பகுதியை வைத்து வஹாக்கா நகரத்தில் ஒரு சிறு வீடு உன் பெயரில் பதிவாகட்டும். கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டர், நாட்டின் எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள்தான் வெளிநாட்டவர் நேரடியாக நிலம் வாங்க முடியாது. நகரம் அதற்குள் வராது. அங்கே நொத்தாரியோ என்றால் நம் கோர்ட்டு வாசலில் முத்திரை குத்துகிற நோட்டரி இல்லை. அரசு நியமித்த சட்டம் படித்த ஆள். வில்லங்கம் பார்த்து, வரி பிடித்து, பத்திரம் எழுதுவது அவர் பொறுப்பு. அவர் முன்னால் அல்லாமல் எதிலும் கையெழுத்துப் போடாதே.

மாப்பிள்ளையிடம் இன்னொன்றும் பேசு. வஹாக்காவின் 570 முனிசிபாலிட்டிகளில் 400-க்கு மேல் கட்சி இல்லாமல் ஊர்வழக்கப்படியே ஆட்களைத் தேர்ந்தெடுக்கின்றன. அவருடைய ஊரும் அப்படித்தான். வெளியூரில் இருந்தவர் திரும்பினால் தெக்கியோ என்கிற கூலியில்லாத ஊர்வேலைக்குக் கூப்பிடுவார்கள். கார்கோ என்கிற ஊர்ப்பொறுப்பும் வரும். அதற்குச் சம்பளம் கிடையாது, ஒரு வருஷமோ அதற்கு மேலோ போகும். அவர் அதைச் செய்யத்தான் வேண்டும், எனக்கு அதில் மதிப்பும் உண்டு. ஆனால் அந்த வருஷம் அடுப்பு எதில் எரியும் என்று இப்போதே கணக்குப் போடுங்கள். நீயும் போன உடனே வேலைக்குப் போக முடியாது. மெக்சிகோக்காரரின் மனைவிக்கு முதல் இரண்டு வருஷம் தற்காலிகக் குடியிருப்புதான். அதில் வேலை பார்க்கத் தனியாக அனுமதி வாங்க வேண்டும். நிரந்தரக் குடியிருப்பு வந்தால் அந்தத் தடை இல்லை. இரண்டு வருஷம் ஒவ்வொரு காசுக்கும் நீ கை நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. ஹூஸ்டன் கணக்கில் உன் பெயரில் மட்டும் ஒரு தொகை இருக்கட்டும். மாப்பிள்ளைக்குத் தெரிந்தே இருக்கட்டும்.

வேலையை விடும் தேதியையும் கொஞ்சம் தள்ளு. அமெரிக்க ஓய்வூதியத்துக்கு, வேலை பார்த்ததற்குச் சேரும் கிரெடிட் 40 வேண்டும், ஆண்டுக்கு 4-க்கு மேல் சேராது. உனக்கு இன்னும் 3 பாக்கி என்று நீயே சொன்னாய். பத்து வருஷ உழைப்பை மூன்று கிரெடிட்டில் விட்டுவிட்டுப் போகாதே. கிரீன் கார்டும் அப்படித்தான். ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே இருக்கப் போகிறாய் என்றால் கிளம்பும் முன்பே, அமெரிக்காவில் இருக்கும்போதே, திரும்பி வர அனுமதிக்கும் ரீ-என்ட்ரி பெர்மிட்டுக்கு ஐ-131 மனு கொடுக்க வேண்டும். பொதுவாக இரண்டு வருஷம் வரை தருவார்கள். நாளைக்கு வஹாக்கா ஒத்துவரவில்லை என்றால் வர ஒரு வாசல் திறந்திருக்கும்.

உன் பிறப்புச் சான்றிதழில் குழந்தை பெயர் என்ற இடமே காலியாக இருந்தது. பிறந்து இத்தனை வருஷம் கழித்து உன் பெயரைச் சேர்க்க மூன்று முறை அலைந்தேன். முதல் முறை என் பெயரில் ஒரு எழுத்தைத் தவறாக அடித்துக் கொடுத்துவிட்டார்கள். இப்போது சரியாக இருக்கிறது. மாநில அரசின் சான்றொப்பம் வாங்கி, வெளிநாட்டில் செல்லுபடியாக வெளியுறவு அமைச்சகம் தரும் அப்போஸ்டில் முத்திரையும் வாங்கிவிட்டேன். கூரியரில் அசல் வரும். ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பை மெக்சிகோவில் அரசு ஒப்புக்கொண்ட மொழிபெயர்ப்பாளரிடம்தான் செய்ய வேண்டும். கல்யாணச் சான்றிதழுக்கு நீங்கள் டெக்சாஸில் அப்போஸ்டில் வாங்கிக்கொள்ளுங்கள். அதை வஹாக்கா பதிவகத்திலும் ஏற்றினால்தான் அவர்கள் கணக்கில் நீ மனைவி.

மொழியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, வாரம் மூன்று நாள் வகுப்புக்குப் போகிறாய். மாமியாரிடம் அவர்கள் ஊர் மொழியான சபோதெக்கிலும் நாலு வார்த்தை கற்றுக்கொள். அவர் சிரிப்பது அந்த மொழியில்தான்.

அம்மாவுக்குப் பூகம்பப் பயம். 2017 செப்டம்பரில் அந்தப் பக்கம் 8.2 அளவுக்கு ஆடியதை யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். கம்பி கட்டி, பொறியாளரை வைத்துத்தான் கட்டுவோம் என்று அவளிடம் நீயே ஒரு வார்த்தை சொல்லு. ஹாலில் இன்னொரு கடிகாரம் மாட்டியிருக்கிறாள். மெக்சிகோ 2022-ல் கோடைக்கால நேரமாற்றத்தை விட்டுவிட்டதால் வருஷம் முழுக்க பதினொன்றரை மணி நேர வித்தியாசம்தான், ஒரே கணக்கு. காலை ஏழு மணிக்கு நாங்கள் காபியோடு உட்காருவோம். உனக்கு முந்தின நாள் ராத்திரி ஏழரை. பேரனைத் தூங்க வைக்கும் முன் கூப்பிடு.

பேரனின் மெக்சிகோ பிறப்புப் பதிவை அனுப்பியிருந்தாய். நாலைந்து முறை படித்தேன். நம் வழக்கத்தில் என் பெயர் உன் தலைப்பெழுத்தோடு நின்றுவிடும். உன் பிள்ளைக்கு அவன் அப்பா பெயர்தான். அவர்கள் வழக்கத்தில் தந்தையின் குடும்பப் பெயர் முதலில், தாயின் குடும்பப் பெயர் அடுத்து. உன் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தில் என் பெயர் இருப்பதால் அவன் பெயரின் கடைசியில் என் பெயர் முழுசாக நிற்கிறது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஆனால் அதில் ஒரு 'எச்' விட்டுப்போயிருக்கிறது. ஸ்பானிஷில் அந்த எழுத்துக்கு ஒலி இல்லை என்பதால் எழுதியவர் கவனிக்கவில்லை போல. உன் பாஸ்போர்ட்டில் எச் இருக்கிறது, அவன் பதிவில் இல்லை. பள்ளியில் சேர்க்கும்போதோ வேறு எங்காவதோ கேள்வி வரும். ஹூஸ்டனில் இருக்கும்போதே மெக்சிகோவின் துணைத் தூதரகத்துக்குப் போய்த் திருத்திவிடு. திருத்திய நகலை எனக்கு அனுப்பு.

அன்புடன்
அப்பா